கொக்கி மேல் எறும்பு

தாம்பாளத்தில் பொரியும் வெல்லமும் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எறும்புகள் வந்துவிட்டன. முஸ்தகீம் காத்திருந்தது அதற்குத்தான். மண்ணூர்பேட்டையில் அந்தப் பட்டறையில் லேத் ஓட்டுகிற அவன் உள்ளே கேமராவோடு திரிய முடிவது ஆயுத பூஜை அன்று மட்டும்தான்.

கேமரா என்றாலும் பாதி அவன் கைவேலை. பழைய ஃபிலிம் கேமராவின் லென்சைத் தலைகீழாகத் திருப்பி, லேத்தில் கடைந்த பிவிசி குழாய்த் துண்டு வைத்து டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருந்தான். வெளிச்சம் கூசாமலிருக்க ஃபிளாஷுக்கு முன்னால் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கவர். அடியில் உடைந்த மைக்ரோமீட்டரிலிருந்து எடுத்த திருகு. ஒரு சுற்றுக்குக் கேமரா அரை மில்லிமீட்டர் முன்னால் நகரும். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மயிரிழை ஆழம்தான் தெளிவாக விழும், முன்னும் பின்னும் வெறும் புகை. அதனால் படத்துக்கு ஒரு சுற்று திருகி, அடுக்கடுக்காக எடுப்பான்.

ஓர் எறும்பு, பூஜைக்குப் போட்டிருந்த மாலையைப் பிடித்து, எடை தூக்கும் ஹாய்ஸ்ட்டின் கொக்கி மேல் ஏறியது. கொக்கியில் சங்கிலி, சங்கிலியில் டை, ஒரு டன் எடையுள்ள இரும்பு அச்சு. இன்னும் தூக்கவில்லை.

"இன்னா மாமே, எறும்புக்கு ஆதார் போட்டோவா?" தேவராஜ் கேட்டான். ஹாய்ஸ்ட் பட்டன் அவன் கையில்தான் எப்போதும் இருக்கும். "அத்தக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு."

"உம் மூஞ்சிய விட அது நல்லாத்தான் கீது," என்றாள் அனுசுயா. அதே பட்டறையில் பேக்கிங் பார்க்கிற தேவராஜின் மனைவி. கையில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள்.

முஸ்தகீம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் பேசாமலிருப்பது அங்கே யாருக்கும் புதிதில்லை. கொக்கியின் வளைவில் எறும்பு நின்று, மீசையை எதற்குள்ளோ நுழைத்துப் பார்த்தது. அவன் திருகினான், எடுத்தான், மறுபடி திருகினான்.

"போதும்பா, நல்ல நேரம் போவுது," என்றார் முதலாளி கஜபதி. "தூக்கு தேவராஜு."

அங்கே அது வழக்கம். டையை இடுப்பளவு தூக்குவார்கள். அனுசுயா குனிந்து நான்கு மூலைக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். டை இறங்கி நசுக்கும். அதோடு வருஷத்துக்கான திருஷ்டி கழிந்தது.

முஸ்தகீம் சுவரோரம் ஒதுங்கி, எடுத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதல் படத்தில் எறும்பின் கால், மஞ்சள் பெயின்ட், அதில் ஒரு கோடு. பெயின்ட் வெடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த படத்தில் பெயின்ட் மங்கிவிட்டது, கோட்டின் இரண்டு ஓரமும் மட்டும் தெளிவாக இருந்தன. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். ஏழாவது படத்தில் எறும்பே வெறும் கறுப்புப் புகை. கோட்டுக்குள்ளே மட்டும் இரும்பு, செந்நிறத் துருவோடு, மணி மணியாகத் தெரிந்தது.

ஆறு சுற்று. மூன்று மில்லிமீட்டர். பெயின்ட்டுக்கு அவ்வளவு கனம் கிடையாது.

வெடித்திருப்பது இரும்பு. நேற்று மாலை அந்தக் கொக்கிக்குப் பெயின்ட் அடித்தவன் அவன்தான். துடைக்கும்போது கட்டைவிரல் நகத்தில் ஏதோ தட்டியது. சங்கிலி உரசிய கீறல் என்று எண்ணினான். பூஜை அன்றைக்கு மழமழவென்று இருக்கட்டும் என்று பட்டி வைத்துத் தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங் கொடுத்தான். இன்று காலை தேவராஜ் ஒரு மோட்டாரைத் தூக்கி இறக்கியபோது பட்டி பிளந்திருக்க வேண்டும்.

தலை நிமிர்ந்தான். டை இடுப்பளவில் தொங்கிக்கொண்டிருந்தது. அனுசுயா உட்கார்ந்து, தலையையும் தோளையும் அதற்கடியில் விட்டு, மூன்றாவது பழத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மல்லாந்து விழுந்தாள், பழங்கள் நாலாபக்கமும் உருண்டன.

"டேய்! இன்னாடா பண்ற? எம் பொண்டாட்டிடா அது!" தேவராஜ் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"கொக்கி," என்றான் முஸ்தகீம். "எறக்கு மச்சான். மெதுவா. யாரும் கிட்ட வராதீங்க."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று கஜபதி ஆரம்பித்தார். முஸ்தகீம் கேமராவில் அந்தப் படத்தைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இன்னாது, வாய்க்காலா?"

"நம்ம கொக்கி மொதலாளி."

தேவராஜ் பட்டனை அழுத்தினான். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கறகறத்து இறங்கியது. டை தரையில் உட்கார்ந்தது.

தேவராஜ் மாலையை அறுத்தெறிந்தான். இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடு ஒன்றை எடுத்து அந்தக் கோட்டில் வைத்தான். அழுத்தவே இல்லை. பிளேடு விரலகலத்துக்கு உள்ளே போனது. அவன் கையை எடுத்தான். பிளேடு விழாமல் அங்கேயே நின்றது.

அனுசுயா விழுந்த இடத்திலிருந்து எழவில்லை. டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெய்வம்டா நீ," என்று தேவராஜ் முஸ்தகீமின் இரண்டு கைகளையும் பற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது. "அந்த எறும்பு மட்டும் இல்லன்னா..."

முஸ்தகீம் கைகளை விடுவித்துக்கொண்டான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது.

"நேத்தே பாத்தேன் மச்சான்."

"இன்னாத்த?"

"கைல தட்டுப்பட்டுச்சு. கீறல்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"பட்டி வெச்சி மூடிட்டேன்."

தேவராஜ் அவனைப் பார்த்தான். பிறகு அனுசுயாவைப் பார்த்தான். போய் அவளைத் தூக்கி நிறுத்தி, நடக்கவைத்து, வெளியே கூட்டிக்கொண்டு போனான்.