முன்சீற்

றெனால்ட் மூன்றாம் தடவையும் சாவியைத் திருப்பினான். இயந்திரம் வேகமாகச் சுற்றியது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. வானின் பின் சீற்றுகளைக் கழற்றிய இடத்தில் அவனுடைய அப்பா அமிர்தநாயகத்தின் சவப்பெட்டி இருந்தது. வங்காலைக் கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"பற்றரி இறங்கிப்போச்சுப் போல. வேற வாகனம் பிடிப்பமா, அம்மா?"

"வேண்டாம்" என்றாள் அன்ரோனெற். இருபத்திரண்டு வருடம் அவர் ஓட்டிய டீசல் வான். அதில்தான் அவர் போகவேண்டுமென்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

பெண்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பற்றரி இல்லை, தம்பி. நல்லாத்தானே சுத்துது. பின்னால புகை வருதோ எண்டு பாருங்கோ."

கொண்டச்சி ஊர் உம்மு ஸல்மா. கருவாட்டுப் பெட்டிகளோடு தினமும் இந்த வானில்தான் மன்னார்ச் சந்தைக்குப் போய்வருவாள். காலையில் வந்தவள் கொடுத்த கதிரையில் இருக்காமல் சுவரோரம் நின்றே அழுதாள். இவளுக்கு ஏன் இவ்வளவு கண்ணீர் என்று அன்ரோனெற் அப்போதே நினைத்தாள்.

"புகையே இல்லை" என்றான் றெனால்ட்.

"அப்ப டீசல் போகேல்லை. மூண்டு நாள் ஓடாமல் நிண்டதெல்லோ, குழாயில காத்துப் பிடிச்சிட்டுது. முன்சீற்றைத் தூக்குங்கோ."

சீற்றைத் தூக்கியதும் அவளுடைய விரல் நேரே ஒரு இறப்பர்க் குழாய்க்குப் போனது. பழைய ரியூப் துண்டால் அதில் இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டிருந்தது.

"வெடிப்பு இதிலதான். காத்து இதாலதான் இழுக்கும். போன மாசம் வான் அரிப்பு றோட்டில நிண்டபோது நான்தான் கட்டினனான். புதுசு மாத்துவம், மாத்துவம் எண்டு அண்ணன் சொல்லிக்கொண்டே திரிஞ்சவர்."

அன்ரோனெற் அந்த முடிச்சைப் பார்த்தாள். அவருடைய சேட்டுகளில் படிந்த டீசல் கறையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து அவளுக்குக் கை காய்த்திருந்தது. வானுக்கு என்னவென்று கேட்டால் அவர் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

ஸல்மா கட்டை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். "வடிகட்டியில இருக்கிற அந்தச் சின்ன ஸ்குறூவை இளக்குங்கோ, தம்பி. மேல இருக்கிற பம்பை நான் அமத்துறன்."

"விடுங்கோ" என்றாள் அன்ரோனெற். "நான் அமத்துறன்."

ஸல்மா விலகி நின்றாள். கறுப்புச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அன்ரோனெற் குனிந்து பம்பை அமத்தினாள். ஸ்குறூவின் ஓரத்தில் நுரை பொங்கியது.

"நுரை நிக்குமட்டும் அடிக்கோணும், அக்கா. எப்பவும் நான் அடிப்பன், அண்ணன் ஸ்ராட் பண்ணுவார்." ஸல்மாவின் குரல் தாழ்ந்தது. "கடைசி ரெண்டு மாசமா அவருக்குக் குனிய ஏலாது. நெஞ்சு நோகுதெண்டு ரெண்டு மூண்டு தரம் வானை ஓரங்கட்டினவர். வீட்டில சொல்லுங்கோ எண்டு சொன்னனான். அவ பயந்துபோவா எண்டுட்டார்."

அன்ரோனெற்றின் கை நின்றது.

றெனால்ட் அம்மாவைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. பிறகு மறுபடியும் அமத்தத் தொடங்கினாள், முன்பைவிட வேகமாக. நுரை அடங்கி, டீசல் தெளிவாக வழிந்து அவளுடைய விரல்களை நனைத்தது. அதற்குப் பிறகும் அவள் அமத்திக்கொண்டிருந்தாள்.

"காணும், அம்மா" என்றான் றெனால்ட்.

அவன் ஸ்குறூவை இறுக்கிச் சாவியைத் திருப்பினான். வான் இரண்டு தரம் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள்.

சீற்றை இறக்கியதும் அன்ரோனெற் எவரிடமும் கேட்காமல் ஏறி அதில் அமர்ந்தாள். அவர் ஓட்ட, முன்னால் இருந்து அவள் கடைசியாகப் போனது மகன் பிறந்த வருடத்தில். உள்ளே அனலாக இருந்தது. யன்னல் கண்ணாடியை இறக்கக் கைபிடியைத் திருப்பினாள். அது சும்மா சுழன்றது. மறுபக்கம் திருப்பினாள். அப்போதும் சும்மாதான் சுழன்றது.

வெளியே நின்ற உம்மு ஸல்மா ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணாடியில் எங்கே அமத்திக்கொண்டு திருப்பவேண்டும் என்று காட்டுவதற்குப்போல அவளுடைய உள்ளங்கை உயர்ந்தது. அன்ரோனெற் அதைக் கண்டாள். கண்டுவிட்டு, முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தாள்.

ஸல்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வான் மெதுவாக நகர்ந்தது. சனங்கள் இருபுறமும் நடந்தார்கள். அன்ரோனெற்றின் கழுத்தில் வேர்வை வழிந்து சேலைக்குள் இறங்கியது. கோயில் வாசல்வரையும் கண்ணாடி மூடியபடியே இருந்தது.