நமது யாழ்ப்பாண நிருபர்

மார்க்கண்டு சட்டம்பியாரை நன்றாக அறிந்த மனுஷர் உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் இருந்தது சென்னைப் பட்டினத்தில். அவருக்கும் மார்க்கண்டரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரியும்.

இணுவிலில் உள்ளவர்களுக்குச் சட்டம்பியாரின் பெயரும் முகமும் தெரியும். அதற்குமேல் அறிந்துகொள்ள அவர்கள் பிரயாசைப்பட்டதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர், கலியாணம் முடித்து மூன்றாம் வருஷம் பெண்சாதியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர், பிள்ளைகுட்டி இல்லை, தானே சோறு காய்ச்சித் தானே தின்கிறவர். நாற்பத்தாறு வயது மனுஷனைப் பற்றி ஊருக்கு வேறென்ன தெரிய வேண்டும்?

சனிக்கிழமை தோறும் அவர் உடுவிலில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போவார். தமக்கை பாசம் என்று ஊர் சொன்னது. உண்மையில் அங்கே போனது தபால் கந்தோருக்கு. இணுவிலில் கடிதம் போட்டால் விலாசத்தை வாசித்துவிட்டு அது யாருக்கு, என்னத்துக்கு என்று விசாரிப்பார்கள். பள்ளிக்கூட மனேச்சரின் உத்தரவில்லாமல் ஆசிரியர்கள் பத்திரிகைக்கு எழுதக்கூடாது என்பது சட்டம். பதினொரு வருஷமாக, கையொப்பம் இல்லாமல், 'தேசசாட்சி' என்ற சென்னைப் பத்திரிகைக்கு அவர் எழுதி வந்தார். புகையிலை விலை, கோயில் திருவிழா, புயல், கோழிச் சண்டை போல நடந்த சட்டசபைத் தேர்தல். மூன்றில் ஒன்று அச்சில் வரும். மேலே, 'யாழ்ப்பாணம்: நமது நிருபர்' என்று போட்டிருக்கும்.

பத்திரிகையாசிரியர் வேதமூர்த்தி இரண்டு தரம் சிறைக்குப் போய் வந்தவர். சர்க்கார் ஜாமீன் கேட்டுப் பத்திரிகையை மூடினால், வேறு அச்சுக்கூடத்தில் வேறு பெயரில் திறக்கிறவர். அப்படிப்பட்டவர் 'நமது' என்கிறாரே, அந்த உறவை மார்க்கண்டர் சும்மா விடுவாரா? ஆசிரியர் ஒரு சொல்லை வெட்டி வேறு சொல்லைப் போட்டிருந்தால், ஏன் வெட்டினார் என்று அடுப்படியில் இருந்து யோசிப்பார். 'ஓம், நீங்கள் சொல்லுறதுதான் சரி' என்று பானைக்குச் சொல்லுவார். பதினொரு வருஷமாக அவர் மனம்விட்டுக் கதைத்தது இப்படித்தான்.

போன மார்கழி மழையில் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் மட்டும் ஆசிரியர் ஓரெழுத்தும் தொடவில்லை. முதற் பக்கத்தில் வந்தது. வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே குறைந்த சாதி என்று சொல்லப்பட்ட ஏழு பிள்ளைகள் நிலத்தில் இருந்து படிக்கிறார்கள். சமாசனம் கொடுத்து எல்லாரையும் வாங்குப் பலகையில் இருத்தச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய கடிதம் மனேச்சரின் மேசையில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் அதில் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் அது எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாமல் போகுமா? வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஏரம்பு அந்தத் தாளை மூன்று தரம் வாசித்துவிட்டு, வீண் சோலி என்று மடித்துக் கூரைக்குள் செருகிவிட்டார். தேவையில்லாத வேலை. மனேச்சர் ஆழ்வாப்பிள்ளை பத்திரிகைகளை வாசிப்பதில்லை. தன் பெயர் கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடக்காவிட்டால் அன்றைக்கு உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளை யாழ்ப்பாணக் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி. பள்ளிக்கூடத்துக்கு மனேச்சர், கோயிலுக்குத் தர்மகர்த்தா, வாசிகசாலைக்குத் தலைவர். ஊரில் வேறு தலைமை மிச்சம் கிடந்தால் அதுவும் அவருடையதுதான். 'தேசசாட்சி'க்குத் தன் பிரசங்கங்களை அவர் முழுதாய் எழுதி மூன்று தரம் அனுப்பியிருந்தார். இன்னும் இடம் ஒதுங்கவில்லைப்போலும் என்று பொறுமையாக இருந்தார்.

இந்த நிலையில்தான் வேதமூர்த்தி யாழ்ப்பாணம் வருகிறார் என்ற செய்தி வந்தது. வாலிபர்கள் அவரைப் பட்டணத்தில் பேச அழைத்திருந்தார்கள். ஒரு பின்னேரம் இணுவிலுக்கும் வர இசைந்தார். 'இந்தியப் பத்திரிகாசிரியர்களும் அவர்தம் தொண்டும்' என்பது விஷயம்.

விஷயத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை. வரவேற்புப் பத்திரம் யார் வாசிக்கிறது என்பதில்தான் இரண்டு கிழமை போனது. வாசிகசாலை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கோயில் ஒன்று, புகையிலைச் செய்கைக்காரர் ஒன்று என்று நாலில் வந்து நின்றது. நாலையும் எழுதும் பொறுப்பு மார்க்கண்டரின் தலையில் விழுந்தது. முதலாவதில் ஆசிரியரைச் சிங்கம் என்றார், இரண்டாவதில் சூரியன், மூன்றாவதில் சமுத்திரம். புகையிலைக்காரருக்கு வந்தபோது கையிருப்பு முடிந்துவிட்டது. இமயமலையைக் கொடுத்துச் சமாளித்தார். நாலும் பொன்னெழுத்தில் அச்சாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறின.

தனக்கென்று அவர் ஆயத்தம் பண்ணியது ஒரேயொரு வசனம்: 'ஐயா, நான்தான் எழுதுறனான்.' அதைத் தமக்கையின் கிணற்றடியில் சொல்லிப் பார்த்தார். பலகாரம் முடிந்து ஆசிரியர் கை கழுவ எழும்புகிற நேரம்தான் தனியாகப் பிடிக்கத் தோது என்று கணக்குப் போட்டிருந்தார். ஒரு நிமிஷம் போதும். அந்த மனுஷன் தன் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். பிறகு அவர் சென்னைக்குப் போகட்டும், தான் நாலாம் வகுப்புக்குப் போகட்டும்.

அந்த நாளும் வந்தது. ஆசிரியர் மெலிந்த மனுஷன், முரட்டுக் கதர், சிறையில் பிடித்த இருமல். தன்னைச் சிங்கம் என்று சொல்லப் போகிறார்கள் என்று அறியாமல் மோதகம் தின்றுகொண்டிருந்தார். கை கழுவ எழும்பினார். மார்க்கண்டர் செம்பை எடுத்தார். பிறக்கிராசியார் அதை வாங்கித் தானே தண்ணீர் வார்த்தார். துவாயைத் தர்மகர்த்தா சபைக்காரர் ஒருவர் பிடித்தார், வெற்றிலைத் தட்டத்தை இன்னொருவர். சுற்றி நின்ற ஏழு முதுகுகளை மார்க்கண்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டம்பியார், உதில ஏன் நிக்கிறீர்? போய் மேசையில இரும். ஒருத்தற்றை பேரும் விடுபடக்கூடாது," என்றார் பிறக்கிராசியார்.

கூட்டம் வாசிகசாலை முற்றத்துப் பந்தலில். முன்னுக்குக் கதிரைகள், பின்னுக்கு வாங்குகள், அதற்குப் பின்னுக்குப் பாய்கள். வேலிக்கு அப்பால், ஒழுங்கையில், நின்றபடி கேட்க வந்தவர்கள். அவர்களை ஒருவரும் உள்ளே வரச் சொல்லவில்லை. மேடையின் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் மார்க்கண்டர் குறிப்பெடுக்கப் பென்சிலோடு இருந்தார்.

நாலு பத்திரமும் வாசித்து முடிய ஒரு மணித்தியாலம் போனது. சமுத்திரத்தில் ஆசிரியர் கொட்டாவியை விழுங்கினார். இமயமலையில் கண்ணை மூடினார். பிறக்கிராசியாரின் தலைமையுரை இன்னும் அரை மணி. கடைசியில் ஆசிரியர் எழுந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் மெதுவாகவே பேசினார். பத்திரிகாசிரியன் என்றால் தலையங்கம் எழுதுகிறவன் மட்டுமல்ல என்றார். அச்சுக்கூடத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு போன பிறகு கையால் பிரதி எழுதி விநியோகித்தவர்களைச் சொன்னார். பஞ்சம் பிடித்த ஜில்லாக்களுக்கு நடந்துபோய்ப் பிணங்களை எண்ணி எழுதியவர்களைச் சொன்னார். எங்கள் பெயர் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கண்ணாக இருக்கிறவர்களின் பெயர் எங்களுக்கே தெரியாது என்றார்.

"இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்குப் பல காலமாக எழுதுகிறார். கையொப்பம் இடுவதில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கே கண்டாலும் சொல்லிவிடுவேன். போன மார்கழியில் அவர் எழுதிய கடிதம் ஒன்றே போதும். உடுவில் தபால் முத்திரை இருந்தது. அவர் இந்தச் சபையில் இருப்பார் என்று நினைக்கிறேன். இருந்தால் எழுந்து நிற்கட்டும். அவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

மார்க்கண்டர் பென்சிலை மேசையில் வைத்தார். மனேச்சர், வேலை, இனிச் சாப்பாட்டுக்கு என்ன வழி, எல்லாம் ஒரு கணம் வந்து போயின. போகட்டும் என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். முழங்கால் நிமிர்ந்தும் நிமிராமலும் இருக்கையில் சபை கைதட்டியது.

தன்னை எப்படிக் கண்டார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். மேடையில் பிறக்கிராசியார் எழுந்து, கைகூப்பி, நாணத்தோடு தலை குனிந்து நின்றார்.

பொய் சொல்ல அவர் எழவில்லை. எழுதி அனுப்பின பிரசங்கம் மூன்று, போற்றப்படுகிறது ஒன்று, மற்ற இரண்டும் பிறகு வரும் என்று முழுமனதோடு நம்பித்தான் எழுந்தார். அந்த ஊரில் முப்பது வருஷமாகப் புகழ் வேறு விலாசத்துக்குப் போனதில்லை.

மார்க்கண்டர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

ஆசிரியர் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பிறக்கிராசியாருக்குப் போட்டார். பிறகு சபையைப் பார்த்துக் கடிதத்தை மனப்பாடமாகச் சொன்னார். "ஏழு பிள்ளைகள் சுவரோரமாக நிலத்தில் இருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. ஏழு பேரும் எழுந்து, சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நின்றபடி எழுதினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு வெறுமையாகக் கிடந்தது. இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

வேலிக்கு அப்பால் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். பிறக்கிராசியாரின் கை மாலையைத் தொட்டது. கழற்றவும் முடியாது, விடவும் முடியாது.

"அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே உட்காருகிறார்கள்?" என்று ஆசிரியர் கேட்டார்.

பிறக்கிராசியார் முன்கதிரைகளைப் பார்த்தார். அங்கே இருந்த முகங்கள் உதவுகிற முகங்களாக இல்லை. வேலியைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார். கோட்டில் சாட்சி பிசகினால் சமாளிக்கிற குரலில் சொன்னார்:

"வாங்குக்குச் சொல்லியாச்சுது. வாற திங்கட்கிழமை எல்லாப் பிள்ளையளும் வாங்கிலதான்."

வேலிக்கு அப்பால் ஒருவர் கைதட்டினார். பிறகு பலர். முன்கதிரைகளில் ஒன்றிரண்டு வெறுமையாயின.

கூட்டம் கலைந்தது. ஆசிரியரின் கார் ஒழுங்கை முகப்பில் நின்றது. கண்ணாடிச் சட்டங்களை எப்படிக் காரில் ஏற்றுவது என்று எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, ஆசிரியர் தனியே நடந்து சின்ன மேசைக்கு வந்தார். பலகார நேரத்தில் கிடைக்காத அந்த நிமிஷம் தானாக வந்து நின்றது.

"கூட்டக் குறிப்பு எடுத்தது நீங்கள்தானா? கொடுங்கள், பார்க்கலாம்," என்று கையை நீட்டினார்.

மேசையில், மார்க்கண்டரின் கைக்குக் கீழே, நாலு தாள். நாலிலும் அந்தக் கையெழுத்து. ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கையை எடுத்தாலே போதும். மார்க்கண்டர் அவருடைய முகத்தைப் பார்த்தார். நரைத்த புருவம், களைத்த கண். பதினொரு வருஷமாகப் பானையைப் பார்த்துக் கதைத்தது இந்த முகத்தோடுதான். பின்னால் பிறக்கிராசியாரின் குரல் கேட்டது. அவரைச் சுற்றி நாலைந்து பேர் கோபமாக நின்றார்கள். "ஓமப்பா, நான்தான் எழுதினனான்! அதுக்கென்ன?" என்று அவர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்க்கண்டர் தோளிலிருந்த சால்வையை எடுத்துத் தாள்களின் மேல் போட்டார்.

"அது கிறுக்கல், ஐயா. வாசிக்க ஏலாது."

ஆசிரியர் சிரித்தார். "பரவாயில்லை. ஆழ்வாப்பிள்ளை அவர்களிடம் எழுதப் பழகிக்கொள்ளுங்கள்," என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறு வாங்கு வந்தது. செவ்வாய்க்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளைத் தாய்தகப்பன்மார் பள்ளிக்கு விடாமல் மறித்தார்கள். வாங்குகளைத் தூக்கி வெளியே போடச் சொல்லி ஆட்கள் வந்தபோது, பிறக்கிராசியார் வாசலில் நின்று வழக்குப் பேசுவது போலப் பேசினார். ஆசிரியர் வேதமூர்த்தி மாலை போட்ட கழுத்து இது, இனி என்ன செய்வது? நாளாக நாளாகக் கடிதத்தின் கதையும் வளர்ந்தது. மழையில் தான் நனைந்துகொண்டு நின்று பார்த்ததாகவும், எழுதும்போது கண்ணீர் விழுந்து மை கரைந்ததாகவும் சொன்னார். உடுவிலில் தபால் போட்டதற்கும் ஒரு காரணம் பிறந்தது. மறித்த பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

மார்க்கண்டர் சனிக்கிழமைகளில் உடுவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்தக் கையெழுத்துக்கு இப்போது வேறு சொந்தக்காரர் இருந்தார். எழுதினால் பிறக்கிராசியார் எழுதியதாகும். பெயரைப் போட்டு எழுதினால் வாங்குகள் வெளியே போகும். வரமாட்டாயோ என்று தமக்கை ஆளனுப்பிக் கேட்டாள். வேலை கிடக்குது என்று சொல்லியனுப்பினார்.

ஒரு நாள் மனேச்சர் அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சட்டம்பியார், பட்டணத்தில பேசக் கேட்டிருக்கினம். உந்தக் கடிதத்தை நான் எழுதினது எத்தனையாம் திகதி? உமக்கு ஞாபகமிருக்கோ?"

"மார்கழி பதினாலு, ஐயா. மத்தியானம்."

"ஓம், ஓம். மத்தியானம்." எழுதிக்கொண்டார். எழுதியவர் பென்சிலை வைத்துவிட்டு மார்க்கண்டரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நான் கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். நாலாம் வகுப்பு உம்மடை வகுப்பு. அந்தப் பிள்ளையள் நிலத்தில இருந்ததை நீர் நெடுகப் பாத்தனீர். நான் வருஷத்தில இரண்டு தரம் வாற மனுஷன். இதை நீரெல்லோ எழுதியிருக்க வேணும்? ஏன் எழுதேல்லை?"

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பயம், ஐயா," என்றார் மார்க்கண்டர்.

"சரி, போம்," என்றார் மனேச்சர், பெரிய மனதோடு.

மார்க்கண்டர் கதவைத் திறந்துகொண்டு நாலாம் வகுப்புக்குப் போனார்.