மை நிற்காத சீட்டுகள்

முப்பத்தேழு நாட்கள் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுத் திருவுளச்சீட்டுகளில் மை நிற்கவில்லை. மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை முடிந்ததும் அவர் மனைவி சகாயமேரி ஒரு துண்டுத் தாளில் சென்னை என்றும் இன்னொன்றில் மும்பை என்றும் எழுதி, மடித்து, மாதா சுரூபத்தின் காலடியில் போடுவாள். ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். பிரித்தால் வெள்ளைத் தாள். மற்றதும் வெள்ளை.

அவர்கள் மகள் ஜெனிஃபர் அவர்கள் குடியிருந்த மைசூரிலேயே பி.எஸ்ஸி. புள்ளியியல் முதலாண்டு முடித்திருந்தாள். யார் எத்தனை வருடம் இருப்பார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் போடும் ஆக்சுவரி ஆக விரும்பினாள். அதற்கான பட்டப்படிப்பு அவள் கல்லூரியில் இல்லை. இரண்டாம் ஆண்டுக்கு மாறிக்கொள்ள இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருப்பதாக மே மாதம் சொன்னாள். மும்பையில் படித்தால் ஆக்சுவரித் தேர்வில் ஐந்து தாள்களுக்கு விலக்கு உண்டு. சென்னையில் மூன்றுதான், ஆனால் சித்தி வீடு இருந்தது. எது வேண்டும் என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்க" என்பாள். எதற்கும் அவள் அப்படித்தான். மாறுவதற்குக் கல்லூரி முதல்வரின் கடிதம் வேண்டியிருந்தது. ஏப்ரலில் அவருடைய அறை வாசலில் பதினொரு முறை போய் நின்று திரும்பியிருக்கிறாள்.

டைல்ஸ் பதிக்கும் ஸ்டானிஸ்லாஸ், வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் மகளின் படிப்பைச் சொல்லியிருந்தார்.

"செத்தவங்கள எண்ற வேலையா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்.

"இல்லீங்க சார், இனிமேல் சாகப்போறவங்கள."

"அப்ப என்னைச் சேக்க வேண்டாம்னு சொல்லு."

மஞ்சுநாத், வாக்காளர் விரலில் வைக்கும் மையை மைசூர்த் தொழிற்சாலையில் பல வருடம் கலக்கி ஓய்வு பெற்றவர். பதினாறாம் நாள், ஞாபகத்தில் இருந்த அளவுகளில் வீட்டிலேயே கொஞ்சம் கலக்கிக் கொண்டுவந்தார். "இது போகாது கணோ ஸ்டானி. தோல் உரிஞ்சாதான் போகும்" என்றார் கன்னடம் கலந்த தமிழில். ஸ்டானிஸ்லாஸின் கட்டைவிரலில் சிந்திய துளி இரண்டு வாரம் இருந்தது. சீட்டில் எழுதியது, மஞ்சுநாத் காப்பி குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அவர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பங்குச் சாமியார் வந்து பேனாவை மந்திரித்தார். பயணத்துக்கு நீலத் தகரப் பெட்டி ஒன்று வாங்கி அதன் மேல் பெயிண்டால் மகளின் பெயரையும் கீழே இரண்டு ஊர்களையும் எழுதினார்கள். பெயர் மட்டும் நின்றது. மூன்றாவது வாரத்திலிருந்து சகாயமேரி வெற்றுச் சீட்டுகளை வீணாக்காமல் அவற்றில் சாமான் பட்டியல் எழுதினாள். துவரம்பருப்பு அரைக்கிலோ என்பது அழியவே இல்லை. தெருவில் மை அழிவதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. மை நிற்காததற்கான நிகழ்தகவு பூஜ்யம் என்று ஜெனிஃபருக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஒரு நாளும் ஆச்சரியப்படவில்லை. இளைத்துக்கொண்டே வந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் மாலை ஸ்டானிஸ்லாஸ் சீட்டு எடுக்கவில்லை. மறுநாள் சேர்க்கைக்குக் கடைசி நாள். போனைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு ஆபீஸ் நம்பரும் குடு கண்ணு. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லி நானே கேக்கறேன். காலைல தொறந்ததும் பேசிடலாம்."

ஜெனிஃபர் நம்பர் தரவில்லை. அம்மாவின் பேனாவை வாங்கினாள். முதல்முறையாக அவளே ஒரு சீட்டில் எழுதினாள். பள்ளியில் படித்த கன்னடத்தில், ஒரே வரி. மடிக்காமல் மாதாவின் முன்னால் வைத்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. மை இருந்தது.

சகாயமேரி குனிந்து படித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நின்னுருச்சு பாரு!" என்றார் ஸ்டானிஸ்லாஸ். அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். சீட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எந்த ஊரு? மேரி, நீயாவது சொல்லேன்."

சகாயமேரி தலையாட்டி மறுத்தாள். அவர் சீட்டை மகளிடம் நீட்டினார்.

"நீயே படி கண்ணு. சத்தமா."

ஜெனிஃபர் அதை வாங்கிக்கொண்டாள். எழுத்து அப்படியே இருந்தது.

"ரெண்டு எடத்துக்கும் நான் அப்ளிகேஷனே போடலப்பா."