கல்யாணப் போர்வையில் கறை

சோளரொட்டி அடிபிடித்துவிட்டது என்பதற்காக என் அண்ணன் ஹோபர்ட் அன்று காலை தன் மனைவியைக் கொல்லப் பார்த்தான். மோர் ஜாடியோடு நான் உள்ளே நுழைந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. அவன் கட்டிலில் மூச்சுப்பேச்சின்றிக் குப்புறக் கிடந்தான். காதுக்கு மேலே, இஸ்திரிப்பெட்டியின் கூர்முனை இறங்கிய இடம் பிளந்து, ரத்தம் கழுத்து வழியாக இறங்கிப் போர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. டெல்ஃபி அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. முன்பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டி அவள் மடியில் இருந்தது.

"போர்வைய மூஞ்சில வச்சு அமுக்கிட்டான், ஓர்ஃபா," என்றாள். "மூச்சே வரல. கைய வீசினேன். முக்காலி மேல இருந்த இது கைல மாட்டுச்சு."

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். எனக்கு ஒரு தசையும் ஆடவில்லை. என் இடது கைச் சுண்டுவிரல் கோணலாக இருப்பதற்குக் காரணம் அவன்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் வைத்து நெரித்தான், விளையாட்டுக்கு. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பாதிரியார் டெல்ஃபிக்குப் புத்தி சொல்லி அனுப்புவார். அந்தக் கை அணைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"போலீஸ்கார லூதரக் கூப்பிடு," என்றாள் அண்ணி. "நடந்தத சொல்லிடறேன்."

"சொல்லி? கோர்ட்ல பன்னிரண்டு ஆம்பளைங்க வரிசையா உக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்க. அதுல பாதிப் பேரு வீட்ல மாடு உதைக்குது, அண்ணி."

மாடு உதைத்தது. எங்கள் ஓடைப் பக்கத்தில் பெண்களின் முகம் வீங்கினால் அதுதான் காரணம். ஹோபர்ட் வீட்டு மாடு மாதிரி உதைக்கிற மாடு கென்டக்கி மாநிலத்திலேயே கிடையாது. பாவம், அது பல்லுப் போன கிழட்டுப் பசு.

என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு உடனே பிடிபட்டது. மலைக்கு மேலே திருட்டுச் சாராயம் காய்ச்சும் இடத்திலிருந்து அவன் குடித்துவிட்டு ஓடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவான். தாண்டும் இடத்தில் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். அங்கே விழுந்து மண்டை உடைந்து செத்தான் என்றால் ஊரே ஆமென் சொல்லும். போர்வையோடு சேர்த்து அவனைச் சுருட்டினோம். நான் தலைப்பக்கம், அவள் கால்பக்கம். பன்றி அடித்தால்கூட இத்தனை கனம் இருக்காது. புதர் வழியாக இழுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஓடைக்கரையில் போர்வையை உருவினோம். அவனைத் தண்ணீரில் உருட்டினோம். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் என் அண்ணன் கண்ணைத் திறந்தான்.

டெல்ஃபியின் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. அவள் பாறையில் மல்லாந்து விழுந்தாள். அவன் அவள்மேல் ஊர்ந்து ஏறினான். ஒரு கை தொண்டையில். "உன்னைப் புதைச்சுட்டுத்தாண்டி நான் சாவேன்," என்றான். நாக்குக் குழறியது, ஆனால் கை குழறவில்லை. அவள் கால்கள் தண்ணீரை உதைத்தன. கண்கள் பிதுங்கி என்னைப் பார்த்தன.

நான் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தேன். தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துப் பாறையில் மோதினேன். அதே இடத்தில், அதே காயத்தில். பிறகு புரட்டித் தண்ணீருக்குள் அமுக்கி முழங்காலை வைத்தேன். அவன் என் தொடையைப் பிறாண்டினான். நான் எடுக்கவில்லை. ஓடை அவன் வாயிலிருந்து வந்த குமிழிகளை எடுத்துக்கொண்டு போயிற்று. குமிழி நின்றபிறகும் நான் முழங்காலை எடுக்கவில்லை. எனக்கு அவனை நம்பிப் பழக்கமில்லை.

"போதும்," என்று டெல்ஃபிதான் என்னைப் பிடித்து இழுத்தாள்.

அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழியில் இருந்த ரத்தத்தை இலை போட்டு மூடினோம். மிச்சம் இருந்தது போர்வை ஒன்றுதான்.

அதை எரித்துவிட முடியாது. கல்யாணத்துக்குக் கொடுத்த போர்வையால்தான் எங்கள் பக்கத்தில் பிணத்தையும் மூடுவார்கள். அது இல்லையென்றால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அதுவும் இந்தப் போர்வை! என் வெஸ்டா சித்தி வீட்டில் மரச்சட்டம் கட்டி, துணியை அதில் இழுத்துப் பூட்டி, நாங்கள் அத்தனை பெண்களும் சுற்றி உட்கார்ந்து தைத்தது. வெள்ளைத் துணியில் வண்ண வண்ண வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று மாட்டினமாதிரி. ஒவ்வொருத்திக்கும் தன் தையல் எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அடுப்பில் பெரிய கெண்டியை ஏற்றினாள். நான் காலால் எட்டி உதைத்தேன். கெண்டி உருண்டது.

"பைத்தியமா உனக்கு? வெந்நீர் பட்டா ரத்தம் துணில வேரூன்றிடும். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். கை தன்பாட்டுக்குச் செய்தது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கிழிந்த உதட்டில் உப்புக்கண்ணீர் பட்டு எரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

ஊற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம். பன்றிக்கறிக்கு வைத்திருந்த உப்பு முழுவதையும் கொட்டினோம். பிசைந்தோம், பிழிந்தோம், அலசினோம். தொட்டித் தண்ணீர் சிவந்தது, பிறகு வெளுத்தது. எங்கள் விரல்கள் மரத்துப்போயின. கடைசியில் சின்னச் சின்னக் கறைகள்தான் நின்றன.

அவற்றுக்கு எங்களிடம் வேறு வைத்தியம் இருந்தது. தைக்கும்போது ஊசி குத்தாத பெண் உண்டா? வெள்ளைத் துணியில் பொட்டு ரத்தம் பட்டால், வெள்ளை நூலைத் துண்டாக்கி வாயில் போட்டு மென்று, எச்சிலில் ஊறியதும் உருட்டி, கறைமேல் ஒத்தி எடுப்போம். ஆனால் யாருடைய ரத்தமோ அவளுடைய எச்சில்தான் எடுக்கும். பக்கத்துக்காரி எச்சில் எடுக்காது. சட்டத்தைச் சுற்றி உட்காரும் எவளும் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை.

டெல்ஃபி வாயைத் தண்ணீரால் கொப்பளித்துக் கொப்பளித்து, ரத்தம் கொஞ்சம் நின்றதும் நூலை மென்றாள். அவள் உதட்டு ரத்தம் பட்ட இடங்கள் எல்லாம் வெளுத்தன. ஹோபர்ட்டின் தலை கிடந்த இடத்தில், ஒரு வளையத்துக்குள் இருந்த வெள்ளையின் நடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை மட்டும் அசையவில்லை.

"இது அவனுது," என்றாள். "என்னால எடுக்க முடியாது."

செத்தவன் வாயில் நூலைத் திணித்து மெல்லச் சொல்லவா முடியும்?

அதற்குள் குரல்கள் கேட்டன. யாரோ ஓடையில் பார்த்துவிட்டார்கள். கறை படிந்த பக்கம் வேலியைப் பார்த்து இருக்கும்படி போர்வையைக் கொடியில் போட்டேன்.

லூதர் வண்டியில் பிணத்தோடு வந்தான். எங்கள் பகுதிக்குக் காவல் அதிகாரி அவன். வெஸ்டா சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை. பெண்கள் தைக்கும்போது சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து, எங்களுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொடுத்து வளர்ந்தவன். கூட வந்தவர்களிடம் பிணத்தைக் கெட்டியாகப் பிடித்து உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தான். டெல்ஃபியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னைக்கும் மாடா, அண்ணி?"

"ம்."

"செத்த மனுசன் உள்ளங்கைல முழங்கால்ல ஒரு கீறல் இல்ல. வழுக்கி விழறவன் கைய ஊன மாட்டானா?"

"போதைல இருக்கறவனுக்குக் கை எது, கால் எது?" என்றேன் நான். குரல் நன்றாகவே வந்தது.

அவன் கொடிப்பக்கம் நடந்தான். போர்வை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான். தண்ணீர் சொட்டியது. "நாள் பாத்துத் தொவைச்சிருக்கீங்க," என்றபடி மறுபக்கம் போனான். அங்கே நின்றுவிட்டான்.

"யாரு ரத்தம் இது?"

"என்னுது," என்றாள் டெல்ஃபி, சட்டென்று. "ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. தைக்கறப்ப ஊசி குத்திடுச்சு."

லூதர் அவளையே பார்த்தான். பிறகு உள்ளே போய் அவளுடைய நூல்கண்டோடு வந்தான். ஒரு துண்டை அறுத்து நீட்டினான். "அப்ப எடுங்க, அண்ணி. எங்கம்மா பக்கத்துல உக்காந்து எத்தனை தடவ பாத்திருக்கேன்."

அவள் நூலை வாயில் வைத்தாள். மென்றாள். வெளியே எடுத்தபோது நூல் சிவப்பாக இருந்தது. அதைக் கறைமேல் ஒத்தினாள். பழுப்புக்கு மேலே புதுச் சிவப்பு ஒட்டியது. பழைய கறை அப்படியே இருந்தது.

லூதர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அது நல்ல அறிகுறி அல்ல. "அண்ணி, நீங்க என்கூட..."

"நகரு," என்று நான் அவளை ஒதுக்கினேன். "நீ எங்க தைச்சே? உனக்கு மண்டைல அடிபட்டதுல ஒண்ணும் ஞாபகமில்ல. தைச்சது நான். ரத்தம் என்னுது."

"எந்த விரல், அக்கா?"

நான் பத்து விரலையும் விரித்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். இத்தனை வருடத் தையலில் குத்தாத இடம் அவற்றில் இல்லை. கோணல் சுண்டுவிரலும் நின்றது. அது எப்படிக் கோணியது என்று லூதருக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதவன் அவன்.

"நூலக் குடு," என்றேன்.

மென்றேன். வாய் காய்ந்து கிடந்தது. பயத்தில் எச்சில் ஊறவில்லை. அண்ணனை நினைத்தேன். கதவை நினைத்தேன், தண்ணீருக்குள் அவன் பிறாண்டியதை நினைத்தேன். வாய் நிறைய ஊறியது. நூலை உருட்டிக் கறையில் வைத்து அழுத்தினேன். வராவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போகவேண்டியதுதான். ஒத்தினேன். திருப்பி வைத்து மறுபடி ஒத்தினேன். நூல் பழுப்பாயிற்று. இன்னொரு துண்டு மென்றேன். கறை வெளிறி, ஓரம் கரைந்து, சுருங்கி, டெல்ஃபி ஒட்டிய சிவப்பையும் இழுத்துக்கொண்டு காணாமல் போயிற்று. ஒரே வயிற்றில் கிடந்த ரத்தம். அவனும் நானும் அதை ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

லூதர் குனிந்து அந்த வளையத்துக்குள் வெளுத்த இடத்தை வெகுநேரம் பார்த்தான். பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "ஆமா, அக்கா ரத்தந்தான்," என்றான்.

உள்ளே பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மேசைமேல் பலகை போட்டு அவனைக் கிடத்தியாயிற்று என்று வெஸ்டா சித்தி வாசலில் நின்று கூப்பிட்டாள். போர்வையைக் கொண்டுவரச் சொன்னாள்.

நான் அதைக் கொடியிலிருந்து இழுத்தேன். அந்த வளையம் என் முகத்துக்கு நேராக வந்தது. என்னை அறியாமல், இல்லை, அறிந்துதான், தொண்டையிலிருந்து காறி அதன் நடுவில் துப்பினேன்.

"அதான் கறை போயிடுச்சே, அக்கா," என்றான் லூதர்.

"தெரியும்," என்றேன்.

அவன் டெல்ஃபியின் உதட்டைப் பார்த்தான். பிறகு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். துப்பிய பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி, இருவரும் அதை உள்ளே எடுத்துப்போய், என் அண்ணனின் முகத்தை மூடினோம்.