சிங்க குலத்து அத்தை

செகேசாய் சுற்றுலாவுக்குக் கிளம்பியது யானை பார்க்க அல்ல. தம்பி மகள் விம்பாயைக் காவல் காக்க. ஹராரே ஓய்வு பெற்ற நர்சுகள் சங்கத்தின் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் பெண்ணைத் தள்ளிவிட்டு, நடைபாதைப் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள். இனி அவள் தப்பித்து ஓடவேண்டுமென்றால் அத்தையின் மடியைத் தாண்டித்தான் ஓடவேண்டும்.

விம்பாய்க்கு இருபத்தொன்பது வயது. மருந்துக்கடையில் வேலை. தோண்டராய் என்ற பள்ளிக்கூட வாத்தியாரை விரும்புகிறாள். பையன் குடிக்கமாட்டான், சம்பளத்தைத் தாயிடம் கொடுப்பான், பார்க்கவும் லட்சணம். ஒரே ஒரு கோளாறுதான். அவனும் சிங்க குலம், இவர்களும் சிங்க குலம். ஒரே குலத்தில் பிறந்தவர்கள் முகம் பார்த்ததில்லை என்றாலும் அண்ணன் தங்கைதான். இது ஷோனா இனத்து வீடுகளில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

தம்பி லவ்மோர் இளகின மனசுக்காரன். "தூரத்து உறவுதானே அக்கா, கிளை வேற. பையன் வீட்டுலேருந்து ஒரு வெள்ளை மாடு குடுத்து உறவை வெட்டிட்டா கட்டிக்கலாம்னு நம்ம பெரியவங்களே வழி வச்சிருக்காங்களே" என்று இழுத்தான். ஆனால் அவன் இழுத்து என்ன ஆகப்போகிறது? பெண்ணைப் பெற்றவன் அப்பன்தான் என்றாலும் கல்யாணத்துக்கு அத்தை தலையசைக்க வேண்டும். அத்தை உதடு பிதுக்கினால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"ஊர் சுத்திட்டு வந்து சொல்றேன்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள் செகேசாய். பதில் அவள் மனசில் எப்போதோ முடிவாகிவிட்டது. பெண்ணுக்குக் கொஞ்சம் வெளிக்காற்று பட்டால் அதை அழாமல் கேட்டுக்கொள்வாள் என்று ஒரு கணக்கு.

பஸ் ஹராரேயைத் தாண்டியதும் தலைவி பெர்பெத்துவா ஜெபம் சொல்லி முடித்தாள். அடுத்த நிமிஷம் மைக் செகேசாயின் கைக்குப் போய்விட்டது. பிரசவ வார்டில் முப்பது வருஷம் அதட்டிய குரல். மைக் இல்லாமலேயே டிரைவருக்குக் காது கிழியும்.

"இப்போ பிள்ளைங்களுக்குக் குலம்னா என்னன்னு தெரியல. சிங்கத்துக்கும் சிங்கத்துக்கும் முடிச்சுப் போடறாங்க. கேட்டா வெள்ளை மாடு குடுத்தாச்சுங்கறாங்க. மாடு குடுத்தா ரத்தம் மாறிடுமா? ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தறப்போ மாட்டைக் காட்டிட்டா ஏத்தறோம்?"

நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். விம்பாய் மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, யானை பாக்கத்தானே காசு கட்டினோம்?" என்றாள் மெதுவாக.

"யானைக்கும் குலம் உண்டு. வாயை மூடிட்டு வா."

புலவாயோவில் மிச்ச சீட்டுகளுக்கு ஓய்வு பெற்ற ரயில்காரர்கள் சிலர் ஏறினார்கள். அதில் ஒருவர் செஃபாஸ் டூபே. எஞ்சின் ஓட்டியவர். மனைவி போய் ஆறு வருஷம். தேய்த்த சட்டை, மடிப்புக் கலையாத தொப்பி, ஒரு பை நிறைய ஆரஞ்சு. செகேசாய்க்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். மைக்கில் குலப் பிரசங்கம் ஓடும்போது அந்த பஸ்ஸிலேயே தூங்காமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"நர்சம்மா, இவ்வளவு விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்ல" என்று ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக நீட்டினார்.

செகேசாய் விதவையாகிப் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தில் அவளுக்காகக் கொட்டை எடுத்த ஆள் எவனும் இல்லை. வாங்கி வாயில் போட்டவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். டூபே என்றால் வரிக்குதிரைக் குலம். வரிக்குதிரைக்கும் சிங்கத்துக்கும் முறை உண்டு. காட்டில் சிங்கம் வரிக்குதிரையைத் தின்னும், வீட்டில் கட்டிக்கொள்ளும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான்.

ஹ்வாங்கே காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சீட்டு மாறிவிட்டது. காவல் காக்க வந்தவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். விம்பாய் இஷ்டத்துக்குத் தோண்டராயோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள். கேட்பார் இல்லை.

"அத்தை, உதட்டுல சாயமா?"

"வெயிலுக்கு வெடிக்குதுடி."

"சிவப்பாவா வெடிக்குது?"

மறுநாள் காலை திறந்த வண்டியில் காட்டுக்குள் போனார்கள். யானைக் கூட்டம் பாதையை மறித்து நின்றது. ஏதோ வரி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி அசையவே இல்லை. அதற்குப் பின்னால் வரிக்குதிரைகள். செகேசாய் நல்ல சந்தர்ப்பம் என்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையையும் குவித்துத் தட்டி, டூபேயைப் பார்த்தபடி வரிக்குதிரைக் குலத்தின் புகழ்மாலையை ஆரம்பித்தாள். அழகாக வரி போட்டுக்கொண்டவரே, காட்டுக்கு ஆபரணமே என்று நீட்டி முழக்கினாள். அவள் ஒரு அடி சொன்னால் குலத்தான் அடுத்த அடி எடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. வண்டியே காத்திருந்தது.

டூபே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியாதே, நர்சம்மா."

"சொந்தக் குலத்துப் பாட்டு தெரியாதா?"

"அது என் குலமான்னே தெரியாது. அப்பா மஸ்விங்கோ பக்கத்துலேருந்து ரயில் வேலைக்குப் புலவாயோ வந்தவர். தங்கியிருந்த வீட்டுக்காரர் பேரு டூபே. இந்த ஊர்ப் பேரா இருந்தா வேலை சுலபமா கெடைக்கும்னு அதையே சொல்லிச் சேர்ந்துட்டார். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் யாரைக் கேக்கறது? அறுபத்தாறு வருஷமா வாடகைக் குதிரையாத்தான் ஓடிட்டிருக்கேன்."

 பேரை வைத்துக் குலம் கண்டுபிடிக்காதே என்று வரும் வழியில் பஸ் மைக்கில் செகேசாயே சொல்லியிருக்கிறாள். சொன்னவள்தான் பேரை வைத்து உதட்டுச் சாயம் வரை போய்விட்டாள்.

"குலம் தெரியாம மனுஷன் இருக்கலாமா? ஊர்ல யாரும் இல்லையா?" என்றாள், குரலில் அதட்டலை வரவழைத்து.

"சித்தப்பா ஒருத்தர் இருக்கார். காது மந்தம். நீங்க சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே கேக்கணும்னு வெறி வந்திருக்கு. இங்க சிக்னல் இல்ல. விக்டோரியா அருவிக்குப் போனதும் கேட்டுடறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு மைக்கும் கொடுத்திருந்தார்கள். அன்று முழுக்க செகேசாய் காட்டைப் பார்க்கவில்லை. எருமையாக இருக்கலாம், குரங்காக இருக்கலாம், முதலை, யானை, மீன், ஏன், இதயம் என்றுகூட ஒரு குலம் உண்டு, எத்தனையோ இருக்கிறது. எதுவாக இருந்தாலும் சரி, ஆண்டவரே, அது ஒன்று மட்டும் வேண்டாம்.

விக்டோரியா அருவியில் எல்லாரும் வாடகை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சாரலில் நின்றார்கள். டூபே மட்டும் நுழைவாசல் பக்கம் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அருவிச் சத்தம் ஒரு பக்கம், சித்தப்பாவின் காது ஒரு பக்கம். கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி ஓடி வந்தார்.

"சிங்கம், நர்சம்மா! நாங்க சிங்கமாம்!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.  செகேசாயின் முகத்தில் வழிந்தது சாரல் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று.

"எந்தக் கிளை?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு கிளைதான். தோண்டராய் வீட்டை விடவும் தள்ளிய கிளை. அந்த நிமிஷத்திலிருந்து செகேசாயின் மூளை வேறு தண்டவாளத்தில் ஓடியது. பெரியவர்கள் ஒரு வழி வைத்தார்கள் என்றால் காரணம் இல்லாமலா வைத்திருப்பார்கள்? அவர்கள் என்ன மடையர்களா? ஒரு வெள்ளை மாடு. அதுவும் சின்னக் கன்றாக இருந்தாலும் போதும் என்று கேள்வி. ஆனால் தம்பி மகளுக்கு மறுத்துவிட்டு அத்தை கட்டிக்கொண்டால் ஊர் காறித் துப்பும். முதலில் சின்னவள் கதவைத் திறக்க வேண்டும். பிறகு அதே கதவு வழியே பெரியவள் நுழையலாம்.

ஓட்டல் அறைக்கு வந்ததும் தம்பிக்கு போன் போட்டாள்.

"லவ்மோர், யோசிச்சுப் பாத்தேன். மாட்டைக் கொண்டுவரச் சொல்லு."

 மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான். "அக்கா, உன் மனசு யாருக்கு வரும்" என்றான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த விம்பாய் எழுந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, பிறகுதான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது.

"அத்தை, நீங்க எனக்காக மனசு மாறினீங்களா, வேற யாருக்காவது சேர்த்து மாறினீங்களா?"

"கெடைச்சதை வாங்கிக்கோ. ஆராய்ச்சி பண்ணாதே."

"அப்படின்னா அவரு எனக்கு அத்தை புருஷன். நம்ம ஊர் கேலி முறைப்படி எனக்கும் பாதிப் புருஷன். நாளைக்கு எனக்கும் ஆரஞ்சு உரிக்கச் சொல்றேன்."

செகேசாய் தலையணையை எடுத்து அவள் மேல் வீசினாள். வெட்கம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

எல்லை தாண்டி, பக்கத்து நாட்டுக் கசானேக்குப் போனார்கள். சோபே ஆற்றில் படகு. நீர்யானைகள் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பார்த்தன. செகேசாய் டூபே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சுற்றி, விஷயத்துக்கு வந்தாள். தம்பி மகளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன், கிளை தள்ளியிருந்தால் மாடு போதும், நம் பெரியவர்கள் கருணை உள்ளவர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை என்ன சொல்ல முடியும்? மாட்டுப் பேச்சு ஆண் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

"அப்படியா" என்றார் டூபே. வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறார், யோசிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

கடைசிச் சாப்பாடு ஆற்றங்கரை விடுதியில். மக்காச்சோளக் களி, கீரை, சுட்ட மாட்டிறைச்சி. பெர்பெத்துவா நன்றி சொல்லி முடித்ததும் டூபே எழுந்து மைக் கேட்டார். செகேசாய் நீலச் சட்டை போட்டிருந்தாள். விம்பாய் மேஜைக்கு அடியில் அத்தையின் தொடையைக் கிள்ளினாள்.

"எல்லாருக்கும் ஒரு உண்மையைச் சொல்லணும். இந்தப் பஸ்ஸுல ஏறினப்போ நான் குலம் தெரியாத ஆளு. ஒரு அம்மாவைப் பாத்தேன். மனசுல ஆசை வந்தது. கல்யாணம் கேக்கலாம்னுகூட நெனைச்சேன்."

நர்சுகள் ஓவென்று கத்தினார்கள். செகேசாய் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த அம்மாதான் எனக்குக் குலம்னா என்னன்னு சொல்லிக் குடுத்தாங்க. அதனாலதான் சித்தப்பாவைக் கேட்டேன். கேட்டிருக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்? என் சொந்தத் தங்கச்சியைக் கட்டியிருப்பேன். ஆண்டவர் காப்பாத்தினார். எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. இன்னையிலேருந்து ஒரு தங்கச்சி இருக்கா." 

குலவைச் சத்தம் எழுந்தது. பெர்பெத்துவா கண்ணைத் துடைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். செகேசாயும் தட்டினாள், வேறு என்ன செய்வாள்.

அதோடு விட்டாரா? மைக்கை வைத்துவிட்டு நேராக வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, படகுல நீ சொன்னதையே நெனைச்சிட்டிருந்தேன். நீ மனசாலே ஒத்துக்கிட்டிருக்க மாட்டே. தம்பியும் பொண்ணும் அழுதிருப்பாங்க, தனியாளா என்ன பண்ணுவே? இப்போ அண்ணன் இருக்கேன். ஞாயித்துக்கிழமை நான் ஹராரேக்கு வர்றேன். மாடு குடுத்தா ரத்தம் மாறாதுன்னு அந்தப் பையன் வீட்டுக்காரங்ககிட்ட நானே சொல்றேன்."

விம்பாயின் கையிலிருந்த களி உருண்டை அப்படியே நின்றது. அவள் அத்தையைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தாள். அத்தைக்கு இனி இந்த மாட்டால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஒரு தலையசைப்பு போதும். பழைய செகேசாய் பழைய மாதிரியே வீட்டுக்குத் திரும்பலாம், கௌரவத்துக்கும் குறைவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு கணம் செகேசாய்க்குத் தலையசைக்கத்தான் தோன்றியது. எனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று வயிறு எரிந்தது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணே, அந்த வீட்டுக்கு அத்தை நான். மாடு வரும், உறவை வெட்டுவோம், கல்யாணம் நடக்கும். நீங்க வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. பேச்சு என்னோடது."

"பஸ்ஸுல நீ சொன்னது?"

"பஸ்ஸுல ஆயிரம் பேசுவேன். வேற கிளை, தூரத்து உறவு. பெரியவங்களே வழி வச்சிருக்காங்க. கட்டிக்கலாம். தப்பே இல்ல." கடைசி இரண்டு வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

 டூபே தலையை ஆட்டிக்கொண்டார். "சரிதான். சின்னஞ்சிறுசுங்க, ஆசைப்பட்டுட்டாங்க, போகட்டும். ஆனா நம்ம வயசுக்காரங்க ஒழுங்கா இருந்து காட்டணும், இல்லையா தங்கச்சி?"

"ஆமா, காட்டணும்" என்றாள் செகேசாய்.

அவர் மனசு நிறைந்து சிரித்தார். தன் தட்டிலிருந்த நல்ல துண்டாகப் பார்த்து, எலும்பை விலக்கி, அவள் தட்டில் வைத்தார். விம்பாய் மேஜைக்கு அடியில் அத்தையின் வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"கையை விடுடி. அண்ணன் வச்ச கறி ஆறுது" என்றாள் செகேசாய்.