செலவே ஆகாத தலைப்பு

நிதி அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். எந்தத் துறை எவ்வளவு கேட்டாலும் கை கூசாமல் வெட்டுவாள். இந்த ஆண்டு வருமானம் சரிந்துவிட்டதால், செலவே ஆகாமல் கிடக்கும் கணக்குத் தலைப்புகளை மதியத்துக்குள் நீக்கச் சொல்லியிருந்தார் இயக்குநர்.

நாற்பதை வெட்டியாயிற்று. நாற்பத்தோராவதுக்கு வக்காலத்து வாங்க வந்து உட்கார்ந்தார் சுகாதாரத் துறைக் கணக்கு அதிகாரி. அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், இங்கே சார். அறையிலிருந்த மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

'கொள்ளைநோய் அவசரச் செலவு' என்பது தலைப்பு. ஒதுக்கீடு வெறும் ஆயிரம். பதினோரு வருடமாக யாரும் தொடவில்லை.

"ஆயிரத்துல என்ன சார் வாங்குவீங்க, பஞ்சா?"

"எதுவும் வாங்க மாட்டோம்மா. அது இருக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா இருக்கறதுக்குத்தான் எங்க அக்கா வீட்ல நீங்க இருக்கீங்களே."

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நோய் வந்தால் எந்தத் துறைப் பணத்தையும் ஒரே நாளில் இங்கே மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்குத் தலைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சபை கூடி ஒப்புதல் தர வாரக்கணக்கில் ஆகும் என்றார். பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லிப் போனார்.

விட்டுவைத்தால் அத்தானுக்காக வளைந்தாள் என்பார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

பதிவேட்டு அறையில் தூசியைத் தட்டிப் புரட்டினாள். செலவுப் பத்தியில் இருபது வருடமாகக் கோடு, கோடு, கோடு. அதற்கு அடுத்த வருடம், அதாவது பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு தொகை. பத்திக்குள் அடங்காமல் பக்கத்துப் பத்திக்குள் புகுந்திருந்தது. முதல் சாவு பதிவான மறுநாளே பணம் போயிருந்தது. முப்பத்தெட்டு லட்சம் பேருக்கு ஊசி.

அவள் இரும்பு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அந்த வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள். ஊசி எந்த வாசல் வழியாக வந்தது என்று அன்று யார் யோசித்தார்கள்?

ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இரண்டெழுத்தில் ஒரு சுருக்கொப்பம். வேறு வேறு கை, வேறு வேறு மை. வரப்போவது எதுவும் தெரியாமலே இருபது பேர் அந்த ஆயிரத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

நாற்பத்தோராவது தலைப்பு வெட்டப்படாமல் இருந்த பட்டியலைப் பார்த்த இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "இது உங்க அத்தான் கேட்டதாச்சே?"

"ஆமா சார். அவர் கேட்டதையும், அவர் எனக்கு உறவுங்கறதையும் குறிப்புல எழுதியிருக்கேன். இதையும் பாருங்க."

பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அவர் விரல் அந்தச் சுருக்கொப்பங்களின் மேல் மெல்ல இறங்கியது. நீளத் தொகையில் நின்றது.  பிறகு பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

நாற்பது தலைப்புகளை அசராமல் வெட்டிய கை, அந்த ஆயிரத்தின் ஓரத்தில் தன் இரண்டெழுத்தைப் போட்டது.