கடைசி வரிசைக்கு ஒரு நாள் முன்பே

அந்தப் பள்ளியின் தேர்வுக் கூடத்தில் எழும் எந்தச் சத்தமும் கடைசி வரிசைக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். மற்ற வரிசைகளுக்கு உடனே கேட்டுவிடும். கடைசி வரிசைக்கு மட்டும் சரியாக ஒரு நாள் தாமதம். கட்டடம் எழுந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சொன்ன ஜோக்குக்குக் கடைசி வரிசை செவ்வாய்க்கிழமை விழுந்து விழுந்து சிரிக்கும். கணக்கு வாத்தியாரின் திட்டு வந்து சேரும்போது எதற்குத் திட்டினார் என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோயிருக்கும். ஒரு முறை அந்தப் பெஞ்சுகளையே தூக்கி வெளியே போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வரிசை கடைசி வரிசை ஆனதுதான் மிச்சம்.

மொழிப் பாடத்தில் கேட்டு எழுதும் தேர்வு வந்தபோதுதான் அது பெரிய தொல்லையாகிவிட்டது. ஒலிப்பதிவைப் போடுவார்கள், கேட்டு விடை எழுத வேண்டும். அதில் கோட்டைவிட்டால் மொத்தத் தேர்விலும் ஃபெயில், ஒரு வருஷம் போச்சு. கடைசி வரிசை வருஷா வருஷம் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தது. அந்த வருஷம் நுழைவுச்சீட்டைப் பார்த்த மொழி ஆசிரியை அன்றே தேர்வு வாரியத்துக்கு மனு எழுதினார். வீட்டில் எல்லோரும் குருவி என்று கூப்பிடும் அவருடைய ஒரே மகளுக்குக் கடைசி வரிசை. இடத்தை மாற்றித் தர வாரியம் மறுத்துவிட்டது. சொந்தப் பிள்ளை எழுதும் தேர்வன்று ஆசிரியர் பள்ளிப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது வேறு. அவரால் செய்ய முடிந்ததெல்லாம் நல்ல ஒலிக்கருவியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான்.

சத்தம் போதாததுதான் கோளாறு என்பதில் தலைமையாசிரியருக்குச் சந்தேகமே இல்லை. கடைக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள், பள்ளியே திருவிழாக் கோலம் பூண்டது. ஆள் உயர ஸ்பீக்கர்களை முழங்க விட்டபோது ஜன்னல் கண்ணாடிகள் ஆடின, தெருமுனையில் தையல்காரர் ஊசி கோக்க முடியாமல் கத்தினார். கடைசி வரிசையோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் அதே நேரத்தில் அந்தப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அடுத்து ஹெட்ஃபோன். அதுவும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பெஞ்சின் மேல் கிடந்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. இன்னும் பெரிய ஸ்பீக்கர் கொண்டு வரச் சொன்னார் தலைமையாசிரியர்.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று குருவி சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, நேத்து ஸ்பீக்கர்காரர் பேசினது இன்னைக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. பரீட்சைக்கும் முந்தின நாளே போட்டுட்டா என்ன?"

ஆசிரியை கையில் கரண்டியோடு தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினார். இத்தனை வருஷம் இது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லையே என்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. வாரியத்து அதிகாரி நேரில் வந்து, முந்தின நாள் கேள்வி ஒரு மனிதக் காதிலும் விழக் கூடாது என்று ஒரே நிபந்தனை போட்டார். அப்போதுதான் எல்லா ஸ்பீக்கரும் ஒரே நொடியில் தோற்றுப்போயின. ஜெயித்தது ஒரு கடைக்காரர் பெட்டியை விட்டு எடுக்கவே கூச்சப்பட்ட சின்ன ப்ளேயர். சத்தம் கூடத்தைத் தாண்டாது. நேரம் குறித்து வைத்தால் ஆளில்லாமல் தானே ஓடும். கடைசி வரிசைக்குத் தேவை சத்தமில்லை, ஒரு நாள் அவகாசம்தான்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை அதிகாரி ப்ளேயரில் பத்து மணி குறித்து, சீல் உடைத்த பென் டிரைவைச் செருகி, கூடத்தைப் பூட்ட வந்தார். ஆசிரியை வாசற்படியில் நின்று காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார்.

"பயப்படாதடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன். நிதானமா கேட்டு எழுது."

யாரிடம் பேசுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். நாளைக்கு வரப்போகும் மகளிடம் என்றார். தேர்வு நேரத்தில் பேசக் கூடாது என்றுதான் விதி; முந்தின நாள் பேசுவதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அதிகாரி பூட்டைப் போட்டு அரக்கு வைத்தார்.

தேர்வன்று ஆசிரியை கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டு வீட்டில் கிடந்தார். கூடத்தில் பத்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கடைசி வரிசை மொத்தமும் ஒன்றாக நிமிர்ந்தது. கண்ணு என்றது தன்னைத்தான் என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொண்டது. அம்மா இல்லாத ஒரு பையன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தான். பத்து மணிக்கு முன்வரிசைகள் அன்றைய ஒலியையும் கடைசி வரிசை நேற்றைய ஒலியையும் கேட்டு ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் எழுதின. எல்லோரும் தேறினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குருவி பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை.

"ஏம்மா, நேத்து அழுதியா? உன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சே."

அதற்கப்புறம் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் கூடத்து வாசலில் பெற்றோர் வரிசை தெரு வரைக்கும் நிற்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று அதிகாரியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிறார். என் பிள்ளைக்கும் கடைசி வரிசைதான் வேண்டும் என்று இந்த வருஷமும் மனுக்கள் குவிந்திருக்கின்றன. கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு கடைசி வரிசை. இன்னொன்று கட்ட முடியுமா என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறார்கள்.